புதுக்கோட்டை மாவட்டத்தைச் சுற்றிப் புரிந்துகொள்வது எப்படி?

புதுக்கோட்டைக்கு வரலாறு பார்க்க வருகிறவர்கள் பலர் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்த்து, திருமயம் கோட்டையில் ஏறி நாலு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே செட்டிநாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டுமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இந்த மாவட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பது அதில் பிடிபடாது. அதற்கு முதலில் வரைபடத்தை விரித்து வெள்ளாற்றைத் தேடுங்கள். மேற்கே இருந்து வந்து மணமேல்குடி பக்கம் கடலில் கலக்கும் இந்த ஆற்றைத்தான் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொல்வார்கள். பெரிய அரசுகள் இரண்டுக்கும் நடுவில் கிடந்த நிலம் இது, அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

அப்புறம் கொடும்பாளூருக்குப் போங்கள், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த பாதையைச் சொல்லும்போது, கொடும்பையின் (கொடும்பாளூரின் பழைய பெயர்) நெடுங்குளத்துக் கரையில் வழி சூலம்போல மூன்றாகப் பிரிகிறது என்கிறது சிலப்பதிகாரம். இன்றைக்கும் பெருவழி அந்தப் பக்கமாகத்தான் போகிறது! இந்த வழியைக் கையில் வைத்திருந்தவர்கள் இருக்குவேளிர் என்ற உள்ளூர்த் தலைவர்கள், சோழர்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அவர்களில் ஒருவரான பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில் மூன்று விமானங்களில் இரண்டுதான் இப்போது நிற்கின்றன; மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிச்சம். அதையும் நின்று பாருங்கள்.

அடுத்து நார்த்தாமலை. மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சரம் என்ற பெயரை வைத்து அதைச் சோழன் கட்டியது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்குள்ள கல்வெட்டோ, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் கட்டியது, மழையில் இடிந்து மல்லன் விடுமன் புதுக்கினான் என்று சொல்கிறது. இவர்களை முத்தரையர் குடியினர் என்கிறார்கள். பெரிய ராஜாக்களின் பெயருக்குக் கீழே இப்படி உள்ளூர்த் தலைவர்கள் மறைந்து கிடப்பது இந்த மாவட்டம் முழுக்க உண்டு, அதனால் பலகையில் இருக்கும் பெயரோடு நின்றுவிடாதீர்கள்.

சித்தன்னவாசலில் ஓவியம் இருக்கும் அறிவர் கோயிலோடு திரும்பாமல் குன்றின் மேலே ஏழடிப்பட்டத்துக்கும் கட்டாயம் ஏறுங்கள். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள், அதில் ஒன்றில் தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்து. பாறை வெயிலில் கொதிக்கும், காலை நேரம்தான் சரி. பக்கத்திலேயே குடுமியான்மலை இருக்கிறது, அங்கே பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

சரி, இனி தண்ணீர். என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தின் உண்மையான வரலாறு கண்மாய்க்குள்தான், அதாவது ஏரிக்குள்தான் இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத ஊர், வடகிழக்குப் பருவமழையைத் தேக்கினால்தான் சோறு. பழைய கண்மாய்களுக்குள் இரண்டு கல்தூண்கள் குறுக்குச் சட்டங்களோடு நிற்பதைப் பார்ப்பீர்கள், அதுதான் குமிழி. அடியில் உள்ள கல்லில் ஓட்டை, அதை அடைக்க மேலிருந்து இறங்கும் அடைப்பு. அதைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். சில தூண்களில் அதைச் செய்து வைத்தவர் பெயரும் வெட்டியிருக்கும். கோயில் கட்டியவனுக்குச் சமமான பெருமை மடை வைத்தவனுக்கும் இருந்திருக்கிறது. ஊர்க்காரர்களிடம் கேட்டால் கரைமேல் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14 அன்று. அப்போதுதான் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பக்கமும் இதோடு வந்தது. சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. இன்றைய மாவட்டத்துக்குக் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் உண்டு. அதனால் அரண்மனைக் கதையை மட்டும் படித்துவிட்டு வந்தால் கிழக்குப் பகுதி அந்நியமாகவே தெரியும். ஆவுடையார்கோயிலில் மரத்தில் இழைத்ததுபோல் கல்லில் செய்த கொடுங்கையை, அதாவது வளைந்த கூரை விளிம்பைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் அந்தக் குறை தீரும்.

திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், 1910-இல் தொடங்கியது. இடங்களைப் பார்த்த பிறகு போனால் ஒவ்வொரு சிற்பமும் எந்த மண்ணில் இருந்து வந்தது என்று தெரிந்து பார்ப்பீர்கள். எப்போது போகலாம் என்றால், கண்மாய் நிறைந்து கிடப்பதைப் பார்க்க மார்கழி, தை. குமிழியை அடிவரை பார்க்க வேண்டுமானால் தண்ணீர் வற்றிய கோடைதான், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.