ஃபார் பாயின்டர் இல்லாமல்: 16 பிட் டாஸ் நிரலை 32 பிட்டுக்கு மாற்றுவது எப்படி?

டர்போ சி-யில் எழுதிய பழைய நிரலை வாட்காம் சி, டிஜேஜிபிபி போன்ற 32 பிட் கம்பைலருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இது. 1978-இல் வந்த 8086-க்கு ரெஜிஸ்டர் 16 பிட், முகவரி 20 பிட். அதனால் முகவரியை செக்மென்ட், ஆஃப்செட் என்று இரண்டாகப் பிரித்தார்கள். செக்மென்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் உண்மையான முகவரி கிடைக்கும். ஒரு செக்மென்டுக்குள் 64 கேபிதான் எட்டும். அதைத் தாண்டிப் போக, செக்மென்ட், ஆஃப்செட் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதுதான் ஃபார் பாயின்டர். 1985-இல் வந்த 386-இல் ஆஃப்செட்டே 32 பிட் ஆனது. 4 ஜிபி வரை ஒரே எண் போதும்.

முதல் வேலை சுலபம். பாயின்டரின் வகையைச் சொல்லும் ஃபார், நியர், ஹியூஜ் என்ற மூன்று சொற்களையும் ஹெடர் ஃபைலில் வெற்று மேக்ரோவாக டிஃபைன் செய்யுங்கள். ஃபார் பாயின்டருக்கு நினைவகம் ஒதுக்கும் ஃபார்மேலாக் இருந்த இடத்தில் சாதாரண மேலாக் போதும்.

அடுத்து, செக்மென்டையும் ஆஃப்செட்டையும் சேர்த்து ஃபார் பாயின்டர் உருவாக்கும் எம்கே_எஃப்பி மேக்ரோ வரும் இடங்களையெல்லாம் தேடிப் பிடியுங்கள். திரையில் நேரடியாக எழுதும் நிரலில் இப்படி ஒரு வரி இருக்கும்:

திரை = எம்கே_எஃப்பி(47104, 0);

47104-ஐ 16-ஆல் பெருக்கினால் 753664. வாட்காமில், டாஸில் 32 பிட் நிரலை ஓட்டும் டாஸ்/4ஜிடபிள்யூ எக்ஸ்டெண்டரின் கீழ், அந்த எண்ணையே பாயின்டராக காஸ்ட் செய்துவிடலாம்:

திரை = (கேர் *) 753664;

டிஜேஜிபிபி-யில் இது நடக்காது. அங்கே நிரலின் டேட்டா செக்மென்ட் முகவரி பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. வேறு செக்மென்டில் எழுத உதவும் ஃபார்போக் வகை ஃபங்ஷன்களைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சரி, கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் உண்மையான ஆபத்து இனிமேல்தான், ஏனென்றால் இதற்குக் கம்பைலர் பிழை காட்டாது. இன்ட் 2 பைட்டிலிருந்து 4 பைட் ஆகிவிட்டது. ஒரு கேர், ஒரு இன்ட் உள்ள ஸ்ட்ரக்சர் டர்போ சி-யில் வழக்கமாக 3 பைட். டிஜேஜிபிபி-யில் அதுவே 8. பழைய டேட்டா ஃபைலை எஃப்ரீட் செய்தால் முதல் ரெக்கார்டிலேயே எல்லாம் இடம் மாறிப் போகும். இன்ட்டை ஷார்ட் ஆக்கினாலும் 4 பைட்தான் வரும், நடுவில் ஒரு காலி பைட் இருப்பதால். அந்தக் காலி பைட் வராதபடி ஸ்ட்ரக்சரை பேக் செய்தால்தான் பழையபடி 3. ஃபைலுக்குப் போகும் ஒவ்வொரு ஸ்ட்ரக்சருக்கும் சைஸ்ஆஃப் அச்சிட்டு, பழைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

அப்புறம், 65535-ஐத் தாண்டினால் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்று நம்பி எழுதிய அன்சைன்ட் இன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 64 கேபி சுற்று பஃபர்களில் இது அதிகம். இப்போது அது 65536 என்று பஃபருக்கு வெளியே எழுதும். அந்த மாறியை அன்சைன்ட் ஷார்ட் ஆக்கினால் பழையபடி சுற்றும்.