நகராத கதையை நாடகமாக்கிப் பார்த்தேன்

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகும் மாமியார், மருமகள் பற்றிய என் சிறுகதை நகரவே இல்லை. ‘அவளுக்குக் கோபம் வந்தது’ என்று ஒரே விளக்கமாக இருந்தது. சரி, நாடகமாக எழுதுவோம் என்று விவரிப்பை வெட்டினேன். மேடையில் பேச்சும் செய்கையும்தானே கண்ணுக்குத் தெரியும்!

மருமகள் தெங்கிரி மீனைக் கையில் எடுக்கிறாள்.

மாமியார்: “நேத்து மீனு, கீழ வைம்மா.”

மருமகள் அதைத் தராசில் வைக்கிறாள்.

கோபம் தானாக வந்துவிட்டது. அப்புறம் அந்தக் காட்சியை உரைநடைக்கு மாற்றி, ஈரத் தரையையும் மீன் வாடையையும் சேர்த்தேன்.

கடைசிப் பத்தி மட்டும் இழுத்தது. அதைக் குறள் வெண்பாவாக, ஏழே சீரில் சொல்லிப் பார்த்தேன். சீர்களை இணைக்கும் தளை தட்டியது (எனக்கு எப்போதும் தட்டும்). ஆனால் வேண்டாத சொற்கள் எவை என்று தெரிந்தது. பத்தி இரண்டு வரியானது.