துப்பாக்கியையும் முதுகுப்பையையும் கடைசியில் ஒட்டுங்கள்

1/35 அளவு (நிஜ அளவில் 35-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் படைவீரர் உருவம் செய்யும்போது உடல், கால், கை, தலை மட்டும் முதலில் ஒட்டுங்கள். முதுகுப்பை, தண்ணீர்க் குடுவை, துப்பாக்கி எல்லாவற்றையும் பல்குச்சி நுனியில் துளி பசையால் நிறுத்தி, தனியாகப் பெயின்ட் அடித்து, அப்புறம் உடலில் பொருத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் பைக்கும் முதுகுக்கும் நடுவே, துப்பாக்கிக்குப் பின்னால் மார்பில், பிரஷ் நுழையாது. நுழைத்தாலும் பக்கத்து நிறத்தில் பட்டுவிடும். அதைத் திருத்துவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

ஒன்று முக்கியம்: ஒட்டப்போகும் இடத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. இந்த பாகங்களை ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்ட் என்பது சாதாரணப் பசை அல்ல. உருவத்தின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. நடுவே பெயின்ட் இருந்தால் அந்த வேலை நடக்காது. பிளேடால் சுரண்டி எடுக்கலாம். பெயின்ட் அடிக்கும் முன்பே அங்கே சின்ன மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டிவைப்பது இன்னும் சுலபம், நான் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்துக் குறிபார்க்கும் உருவத்துக்கு, துப்பாக்கியைக் கடைசியில் ஒட்டும் இந்த முறை சரிவராது. சிமென்ட் காயும் முன்பே கைகளையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பொருத்தினால்தான் பிடி சரியாக அமையும். இணைப்பில் இடைவெளி விழுந்து புட்டி வைத்துத் தேய்க்க வேண்டிய பாகங்களையும் முதலிலேயே ஒட்டிவிடுங்கள். பல 1/72 உருவங்கள் வளையும் மென் பிளாஸ்டிக்கில் வருகின்றன; அவற்றில் இந்த சிமென்ட் பிடிக்காது.