பாடப்புத்தகத்தை மாற்றப்போகிறார்களாம்: கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கே தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில் என்று அலைந்து ஓய்ந்திருப்பீர்கள். சில மாதம் கழித்து டிஸ்ட்ரிக்டிலிருந்து (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஒரு மின்னஞ்சல் வரும்: புதிய கணிதப் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கப் போகிறோம், பெற்றோர் கருத்துச் சொல்லலாம் என்று. குரூப் போட்டோவுக்குப் பணம் கட்டச் சொல்லும் கடிதத்துக்கும் தலைப்பேன் எச்சரிக்கைக்கும் நடுவில் அது கிடக்கும். தயவுசெய்து திறந்து படியுங்கள். தேர்வு முடிந்துவிட்டால் ஏழெட்டு வருஷத்துக்கு அதே புத்தகம்தான் ஓடும். இப்போது இரண்டாம் கிரேடில் இருக்கும் பிள்ளை ஹைஸ்கூலை எட்டிப்பார்க்கும்வரை அதிலேயே படிக்க வேண்டியிருக்கும்.

நமக்கு இது பழக்கமில்லாத சங்கதி. தமிழ்நாட்டில் பாடப்புத்தகம் என்பது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் முடிவாகி, பாடநூல் கழகத்தில் அச்சாகி, லாரியில் வந்து இறங்கும் பொருள். சமச்சீர்க் கல்வியைத் தள்ளிப்போடலாமா என்ற 2011-ஆம் வருஷத்துச் சண்டைகூடக் கோட்டையிலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்து முடிந்தது. பிள்ளைகள் புத்தகமில்லாமல் காத்திருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் தெரிந்திருக்கும். அங்கேயும் பெற்றோரைக் கூப்பிட்டு ‘இந்தப் புத்தகமா, அந்தப் புத்தகமா’ என்று கேட்கும் வழக்கம் இல்லை. இங்கே கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்: ஆசிரியர்களுக்குத் தேர்வில் கணிசமான பங்கு இருக்க வேண்டும், பெற்றோரின் பங்கேற்பை ஊக்குவிக்க வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டத்தின் 60002-ஆம் பிரிவு சொல்கிறது.

முதலில் உங்கள் டிஸ்ட்ரிக்ட் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரும் டிஸ்ட்ரிக்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சன்னிவேலில் ஒரு தெரு ஒரு டிஸ்ட்ரிக்ட், நாலு தெரு தள்ளினால் இன்னொன்று. கூப்பர்டினோவில் எட்டாம் கிரேடுவரை ஒரு நிர்வாகம், ஒன்பதாம் கிரேடிலிருந்து ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற வேறொரு நிர்வாகம். இரண்டுக்கும் தனித்தனி போர்டு (ஓட்டில் தேர்வாகும் நிர்வாகக் குழு), தனித்தனி பட்ஜெட். பெயரில் ஃப்ரீமான்ட் இருந்தாலும் அதற்கும் ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த நகரத்துக்குத் தொடக்கப் பள்ளியிலிருந்து பன்னிரண்டாவதுவரை ஒரே டிஸ்ட்ரிக்ட் உண்டு. யாரிடம் போய்க் கேட்பது என்பது இதில்தான் இருக்கிறது.

மாநிலம் எதை முடிவுசெய்கிறது, டிஸ்ட்ரிக்ட் எதை முடிவுசெய்கிறது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். எந்த கிரேடில் எது தெரிந்திருக்க வேண்டும் என்ற தரநிலையை மாநிலம் வகுக்கிறது. கணிதத்துக்கு அது 2010-இல் ஏற்றுக்கொண்ட காமன் கோர் என்ற, பல மாநிலங்களுக்குப் பொதுவான தரநிலை. அதை எப்படிக் கற்பிப்பது என்று விளக்கும் ஃப்ரேம்வொர்க்கும் மாநிலத்துடையது. எட்டாம் கிரேடுவரை மாநிலக் கல்வி வாரியம் ஒரு புத்தகப் பட்டியல் வெளியிடும். டிஸ்ட்ரிக்ட் அதிலிருந்து எடுக்கலாம். தரநிலைக்குப் பொருந்தி, பரிசீலனைக் குழுவில் பாதிக்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால் பட்டியலுக்கு வெளியேயும் போகலாம். ஒன்பது முதல் பன்னிரண்டுவரை பட்டியலே கிடையாது, முழுப் பொறுப்பும் உள்ளூர் போர்டினுடையது. ஆகவே போர்டில் போய் நின்று ‘காமன் கோரை ஒழியுங்கள்’ என்று பேசினால் கைதட்டல் கிடைக்கலாம், வேறெதுவும் கிடைக்காது.

இனி நாள்கணக்கு. வழக்கமாக இலையுதிர்காலத்தில் ஆசிரியர் குழு கூடி, ஏழெட்டுப் பதிப்பகங்களைச் சலித்து இரண்டாகக் குறைக்கும். குளிர்காலத்தில் சில வகுப்புகளில் அந்த இரண்டையும் நடத்திப் பார்ப்பார்கள். இதைத்தான் பைலட் என்கிறார்கள். பிறகு சில வாரம் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் புத்தகங்களைப் பார்வைக்கு வைப்பார்கள், இணையத்திலும் திறந்துவிடுவார்கள், ஒரு சர்வே வரும். ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் போர்டு ஓட்டுப் போடும். ஆகஸ்டில் புத்தகம் வகுப்பில் இருக்கும். நம் ஆட்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டமான போர்டு ஓட்டுக்குத்தான் திரண்டு போகிறார்கள். பந்தியில் இலை போட்ட பிறகு சாம்பாருக்கு யோசனை சொல்வதுபோல அது. அதற்குள் ஆசிரியர் குழு பரிந்துரை எழுதியிருக்கும், பதிப்பகத்தோடு விலை பேசியிருப்பார்கள், கோடைகாலப் பயிற்சிக்குத் தேதிகூடக் குறித்திருப்பார்கள். ஐந்து பேர் கொண்ட போர்டு ஆசிரியர் பரிந்துரையைப் புரட்டிப்போடுவது அபூர்வம். பைலட் நடக்கும் மாதங்களில் போனால் உங்கள் பேச்சுக்கு எடை அதிகம். உங்கள் பிள்ளையின் வகுப்பு பைலட்டில் இருக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள். பிள்ளை படிக்கும் வகுப்பின் பாடப்பொருள்களைப் பார்வையிடும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படியே உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

பார்வைக்கு வைத்திருக்கும் மேசையில் என்ன பார்ப்பது? பளபளப்பான அட்டையையும் பதிப்பகத்தின் சிற்றேட்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். நான் சொல்வது ஆறாம் கிரேடின் பின்ன வகுத்தல். முக்காலை அரைக்காலால் (எட்டில் ஒன்றால்) வகுக்க வேண்டும். நாம் படித்தது ‘கவிழ்த்துப் போட்டுப் பெருக்கு’: விடை ஆறு, வேலை முடிந்தது. இங்குள்ள புத்தகம் ஒரு பட்டையை எட்டாகக் கோடு போட்டு, ஆறு கட்டத்தை வண்ணமடித்து, முக்காலுக்குள் எத்தனை அரைக்கால் அடங்கும் என்று பிள்ளையையே எண்ணச் சொல்லும். நம்மில் பலருக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல் வரும், இதற்கு ஏன் இவ்வளவு சுற்று என்று. ஆனால் கவிழ்த்துப் போட்டால் ஏன் சரியாக வருகிறது என்று நம்மைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? படம் இருப்பதில் தப்பில்லை. பார்க்க வேண்டியது வேறு: அந்தப் படம் நாலைந்து பக்கம் தள்ளி முறையான வழிமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, இல்லை படத்திலேயே நின்றுவிடுகிறதா? பயிற்சிக் கணக்கு ஆறுதானா, முப்பதா? ஒருநாள் வராமல் போன பிள்ளை புத்தகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்ள முடியுமா, இல்லை எல்லாமே குழுவாக உட்கார்ந்து பேசித்தான் புரியுமா?

இதே மாதிரி வாய்ப்பாடு. ‘இங்கே வாய்ப்பாடே சொல்லித்தருவதில்லை’ என்பது நம் வீட்டு விருந்துகளில் தவறாமல் கேட்கும் புகார். தரநிலை அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் கிரேடு முடிவில் ஒற்றை இலக்கப் பெருக்கல் அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றே அதில் இருக்கிறது. நாம் போட்டுப் பழகிய செங்குத்துக் கூட்டலும் கழித்தலும் நான்காம் கிரேடில், பெருக்கல் ஐந்தில், நீள்வகுத்தல் ஆறில் சரளமாக வர வேண்டும். ஆக, ‘எங்கள் ஊரில் இரண்டாவதிலேயே பதினாறாம் வாய்ப்பாடு’ என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் புன்னகையோடு தலையாட்டுவார், அதோடு சரி. ‘மூன்றாம் கிரேடில் மனப்பாடம் வேண்டும் என்று தரநிலை சொல்கிறது, இந்தப் புத்தகத்தில் அதற்கான பயிற்சி எந்தெந்தப் பாடத்தில் இருக்கிறது?’ என்று கேட்டால் அவர் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

கியூமானுக்கோ ரஷ்யன் மேத்துக்கோ போகும் பிள்ளையின் மார்க்கை வைத்துப் பாடத்திட்டத்தை எடைபோடாதீர்கள். நம் வீடுகளில் பாதிக் கணக்கை ட்யூஷன்தான் சொல்லித்தருகிறது. புத்தகம் மோசமாக இருந்தாலும் நம் பிள்ளை தேறிவிடும், டிஸ்ட்ரிக்டின் சராசரியும் நன்றாகத் தெரியும். ட்யூஷனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் அந்தப் புத்தகத்தை மட்டும் நம்பி இருக்கிறது. கருத்துச் சொல்லும்போது அந்தப் பிள்ளையையும் நினைவில் வைத்தால் நம் பேச்சுக்கு மரியாதை கூடும். ‘ஏசியன் பேரண்ட்ஸ் வந்துவிட்டார்கள், அட்வான்ஸ்டு மேத் கேட்பார்கள்’ என்ற முன்முடிவு பல அறைகளில் இருக்கிறது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

அட்வான்ஸ்டு மேத் கேட்பது தப்பு என்று சொல்லவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2014-இல் அந்த டிஸ்ட்ரிக்ட் எட்டாம் கிரேடில் அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒன்பதில்தான் என்று வைத்தது. இன வாரியாகவும் வசதி வாரியாகவும் பிள்ளைகள் இரண்டு தடமாகப் பிரிவதைத் தடுப்பது நோக்கம். கால்குலஸ்வரை போக விரும்பிய வீடுகள் வெளியே காசு கொடுத்துக் கோடையில் அல்ஜீப்ரா படிக்கவைத்தன, அல்லது ஹைஸ்கூலில் ஒரே வருஷத்தில் இரண்டு கணிதப் பாடம் எடுக்கவைத்தன. வருஷக்கணக்கில் பெற்றோர் விடாமல் கேட்டதன்பேரில் 2024 பிப்ரவரியில் போர்டு அதைத் திரும்பக் கொண்டுவர ஓட்டுப் போட்டது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில், எட்டாம் கிரேடில் அல்ஜீப்ரா வேண்டும் என்ற ஆலோசனைத் தீர்மானத்தை ஐந்தில் நாலு பங்குக்கு மேலானோர் ஆதரித்தார்கள். மாநில அளவிலும் இதே இழுபறிதான். புதிய கணித ஃப்ரேம்வொர்க்கின் முதல் வரைவு 2021-இல் வந்து, கணிதப் பேராசிரியர்களிடமும் பெற்றோரிடமும் அடிவாங்கி, திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு, 2023 ஜூலையில்தான் ஒப்புதல் பெற்றது. அதே மாதம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதிகளைக் கவனிக்கும் பேராசிரியர் குழு, டேட்டா சயின்ஸ் படித்தால் ‘அல்ஜீப்ரா 2’ என்ற ஹைஸ்கூல் பாடத்துக்கு ஈடாகாது என்று முடிவெடுத்தது. உங்கள் ஹைஸ்கூல் புதிய கணிதப் பாடங்களை முன்வைத்தால், அது பல்கலைக்கழகச் சேர்க்கைக்குச் செல்லுமா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

‘அண்ணா, நாம எச்-1பி. ஓட்டே இல்ல. போய்ப் பேசினா ஏதாவது பிரச்சினை வருமா?’ என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். போர்டு கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. 1953-இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்களைப் பேசவிட வேண்டும். உள்ளே வர, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பேசுவதற்கு ஒரு சீட்டு நிரப்பித் தரச் சொல்வார்கள், நிகழ்ச்சிநிரலில் உங்கள் விஷயத்தின் எண்ணைப் பார்த்து அதில் எழுதுங்கள். மேடைக்கருகே ஒரு டைமர் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. பொதுவாக மூன்று நிமிடம், கூட்டம் அதிகமென்றால் ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு வடிவம் எழுதி எடுத்துப்போங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழில் பேசி, மொழிபெயர்க்க ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். அப்போது இரட்டை நேரம் தர வேண்டும் என்பது சட்டம். ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கு இது தெரியாது.

பேசி முடித்ததும் போர்டு உறுப்பினர்கள் ஒரு வார்த்தை பேசாமல் ‘நன்றி, அடுத்தவர்’ என்பார்கள். அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விஷயம் அன்றைய நிரலில் இல்லையென்றால், அதைப் பற்றி அவர்கள் விவாதிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரு நிமிடத்தில் பேச இப்படி ஏதாவது போதும்: ‘என் மகள் ஆறாம் கிரேடு. இரண்டு பைலட் புத்தகத்திலும் பின்ன வகுத்தல் பாடத்தைப் படித்தேன். முதல் புத்தகத்தில் தனியாகச் செய்யும் பயிற்சி குறைவாக இருக்கிறது. இதை எடுத்தால் கூடுதல் பயிற்சித்தாள் எங்கிருந்து வரும், ஆசிரியர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி, அதற்கு பட்ஜெட்டில் பணம் இருக்கிறதா?’ மின்னஞ்சலிலும் இதையே எழுதலாம். ஆனால் போர்டுக்கு எழுதுவது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். பிள்ளையின் மார்க், மருத்துவ விவரம் எதையும் அதில் போடாதீர்கள்.

ஓட்டைப் பற்றி ஒரு கிளைக்கதை. சான் ஃபிரான்சிஸ்கோவில், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 2016-இல் மக்களே ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கினார்கள். ஆனால் பிற்பாடு குடியுரிமை விண்ணப்பத்தில் ‘எப்போதாவது ஓட்டுப் போட்டீர்களா’ என்ற கேள்வி வரும். குடிவரவு வக்கீலைக் கேட்காமல் பதிவுசெய்ய வேண்டாம்.

சில நேரம் சண்டை கணிதத்தில் இருக்காது. 2023-இல் தெற்குக் கலிபோர்னியாவின் டெமெக்யூலாவில், ஓரினச்சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடிய அரசியல்வாதி ஹார்வி மில்க்கின் பெயர் துணைப் பாடத்தில் வருகிறது என்று சமூக அறிவியல் பாடத்திட்டத்தையே போர்டு நிராகரித்தது. ஆளுநர் அபராதம் என்று மிரட்டிய பிறகு ஏற்றுக்கொண்டது. ஆறாம் கிரேடில் பண்டைய இந்தியா வரும் புத்தகங்களுக்காக 2005-06-இலும் 2016-இலும் இந்திய அமெரிக்கர்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் எதிரெதிர் அணியாக நின்று வாதாடினார்கள். அப்படிப்பட்ட விஷயங்களில் வாட்ஸ்அப்பில் தயாராக வரும் கடிதத்தை அப்படியே அனுப்பாமல், அந்தப் பக்கத்தை ஒருமுறை நீங்களே படித்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே வாசகத்தில் இருநூறு கடிதம் வந்தால் அதை ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள்.

தேர்வு முடிந்த பிறகும் கேட்க இடமுண்டு. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பெரும்பாலும் நிதி திரட்டவே. பள்ளியின் பணம் எதற்குப் போகிறது என்பதில் பேச்சு உள்ளது ஸ்கூல் சைட் கவுன்சிலுக்கு, அதில் பெற்றோருக்கு இடம் உண்டு, போட்டியும் அதிகம் இருக்காது. ஆகஸ்டில் பிள்ளைக்கு வகுப்பிலும் வீட்டிலும் பயன்படுத்தப் புத்தகம் கிடைக்கவில்லை என்றால், வகுப்பறைச் சுவரைப் பாருங்கள்: வில்லியம்ஸ் புகார் (புத்தகப் பற்றாக்குறை போன்றவற்றுக்கான புகார் முறை) பற்றி ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும், கட்டாயம் ஒட்ட வேண்டும். அதில் சொல்லியிருக்கும் படிவத்தைப் பள்ளி அலுவலகத்தில் வாங்கி நிரப்பிக் கொடுங்கள். பெயர் போடாமலும் கொடுக்கலாம், ஆனால் பதில் வேண்டுமென்றால் பெயரும் முகவரியும் எழுத வேண்டும்.