மாடலைப் படமெடுக்க கேமரா வாங்கப் போகிறீர்களா? நான் விழுந்த குழிகள் இவை

சமீபத்தில் ஸ்கேல் மாடல் (நிஜ டாங்கி, விமானங்களின் சுருக்கிய நகல்; 1:35 என்றால் நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) கட்டத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டார்: “1:35 டாங்கிகளைப் படமெடுக்க ஃபுல் ஃபிரேம் கேமராவும் கூடவே எஃப்/1.4 லென்ஸும் வாங்கலாம்னு இருக்கேன், சரிதானே அண்ணா?” எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை, இதே பூரிப்போடு, பல வருஷத்துக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லென்ஸைத் துடையுங்கள், பேட்டரியை சார்ஜ் செய்து வையுங்கள் வகையறாவை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாக வந்துவிடும். காசைத் தின்னும் தவறுகள் மட்டும் இங்கே.

பெரிய துளை என்னும் பெரிய குழி

எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸின் துளை பெரிதாகும், துளை பெரிதாக ஆக ஃபோகஸில் விழும் பகுதி மெலியும். முகங்களைப் படமெடுப்பவருக்கு இது வரம்: கண் தெளிவாக இருக்கும், பின்னாலிருக்கும் குப்பையெல்லாம் பஞ்சு மாதிரி கரைந்து போகும். நமக்கோ பொருள் கேமராவிலிருந்து கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போகப் போக அந்தத் தெளிவான பகுதி இன்னும் மெலிந்துகொண்டே வரும் என்பதை லென்ஸ் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். நிஜ டைகர் 1 டாங்கி, பீரங்கிக் குழலோடு சேர்த்து 8.45 மீட்டர். 1:35-இல் அது சுமார் 24 செ.மீ. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு அதை ஃபுல் ஃபிரேமில் (படம் பதியும் சென்ஸார் 36-க்கு 24 மி.மீ. இருக்கும் கேமராவில்) நிரப்பினால், எஃப்/1.4-இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஆறு மில்லிமீட்டர். எஃப்/16 வரை சுருக்கினால் ஏழு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். வித்தியாசம் ஒரு சட்டைப் பித்தானுக்கும் ஒரு விரலுக்கும் உள்ள வித்தியாசம்.

நான் வாங்கியது 85 மி.மீ. எஃப்/1.4. ஆட்களைப் படமெடுத்தே பிழைக்கும் நண்பர் ஒருவர் யோசிக்காமல் அதைத்தான் சிபாரிசு செய்தார். அவர் மேல் தப்பில்லை, அவருடைய வேலைக்கு அது தங்கம். என்ன எடுக்கப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கட்டிய டைகரை மேஜையில் வைத்து, முன்பக்க மூலையிலிருந்து சாய்வாக முதல் படம் எடுத்தேன். குழலின் வாய் கத்தி மாதிரி தெளிவு. டரட், அதாவது குழலைத் தாங்கிச் சுழலும் மேல்கூடு, மங்கல். அதற்குப் பின்னால் எல்லாமே புகை. மேலே மூடியைத் திறந்துகொண்டு நிற்கும் கமாண்டருக்கு மூன்று முடி பிரஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து கருவிழி வைத்திருந்தேன். படத்தில் அந்த மனிதருக்கு முகமே இல்லை, தோல் நிறத்தில் ஒரு திட்டுதான் இருந்தது. படத்தைப் பார்த்த ஒருவர் “பொக்கே சூப்பர்” என்று அந்த மங்கலைப் பாராட்டினார். இன்னொருவர் “பொம்மை ரொம்ப அழகா இருக்கு” என்றார்.

பொம்மை!

அவர் சொன்னது சரிதான் என்று புரிய எனக்குப் பல மாதம் ஆனது. நிஜ டாங்கியைப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று எந்தக் கேமராவில் எடுத்தாலும், சாதாரண அமைப்பில் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாகவே விழும். நம் கண்ணுக்கு அப்படிப் பார்த்தே பழக்கம். முன்பக்கமும் பின்பக்கமும் கலங்கி நடுவில் மட்டும் தெளிவாக இருந்தால், இது சின்னப் பொருள், கிட்டத்தில் வைத்து எடுத்தது என்று மூளை உடனே முடிவு கட்டிவிடும். நிஜ ஊரை உயரத்திலிருந்து எடுத்து, படத்தின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் மங்கலாக்கி, தெருவில் போகும் கார்களைத் தீப்பெட்டிக் கார் போலக் காட்டும் டில்ட்-ஷிப்ட் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். நிஜத்தை பொம்மையாக்க அவர்கள் மெனக்கெட்டுச் செய்வதை, பொம்மையை நிஜமாக்க வேண்டிய நாம் காசு கொடுத்து வாங்கிச் செய்கிறோம். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வருவதற்கு முன் சினிமாவுக்காக மினியேச்சர்களைப் படமாக்கியவர்கள் இதற்கு நேர் எதிராகத்தான் போனார்கள்: துளையை முடிந்தவரை சுருக்கு, வெளிச்சம் போதாவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் கொடு.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு தவறான லென்ஸ் தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வரும். இந்த வகை 85-கள் பொதுவாக 80 செ.மீ.க்கும் கிட்டே ஃபோகஸ் ஆகாது. 1:72 ஸ்பிட்ஃபயரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 15.6 செ.மீ. முடிந்தவரை கிட்டப் போய் எடுத்தும் அது ஃபிரேமின் அகலத்தில் பாதியைத்தான் நிரப்பியது. கிட்டப் போவதற்காக, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கினேன். கிட்டப் போனதும் தெளிவுப் பகுதி இன்னும் மெலிந்தது. அதைச் சரிக்கட்ட எஃப்/16-க்குச் சுருக்கினேன். எஃப்/1.4-க்காகக் கொட்டிக் கொடுத்த லென்ஸை எஃப்/16-இல் பூட்டி வைத்துப் பயன்படுத்துகிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, அதிலும் எஃப்/16 வைத்து அதே டைகரை எடுத்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எந்த லென்ஸ் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் யாரிடமும் பேசவில்லை.

கடுப்பின் உச்சம் எதில் என்றால், வீட்டில் கிடந்த பழைய போனில்! டாங்கியின் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி) உடைந்ததை ஒருவருக்குக் காட்ட அவசரமாக ஒரு படம் எடுத்தேன். முன்சக்கரத்திலிருந்து டரட் வரை எல்லாம் தெளிவு. காரணம் எளிது. போனின் சென்ஸார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சென்ஸார் சின்னதாக ஆக, அதே ஃபிரேமிங்கில், அதே எஃப் எண்ணில், ஆழம் கூடும். அந்தப் போன் எஃப்/1.8-இலேயே ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கொடுத்தது, என் தங்க லென்ஸ் கொடுத்தது ஆறு மில்லிமீட்டர்.

அதற்காக ஃபுல் ஃபிரேம் பாவம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே வைத்திருந்தால் விற்காதீர்கள், ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்ஸாரான ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் எஃப்/11 வைக்கும் இடத்தில் நீங்கள் எஃப்/16 வையுங்கள், கணக்கு சரியாகிவிடும். மாடலுக்காகவே புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஏபிஎஸ்-சியோ, அதையும்விடச் சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸோ போதும், அதுவும் கைமாறி வந்த பழைய பாடி என்றால் இன்னும் நல்லது. மேஜையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் டாங்கிக்கு வேகமான ஆட்டோ ஃபோகஸ் எதற்கு?

துளையைக் கண்மூடித்தனமாக எஃப்/32 வரை இறுக்கவும் கூடாது. ரொம்பச் சின்னத் துளை வழியே போகும்போது ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்கக் கொஞ்சம் மென்மையாகிவிடும். ஏபிஎஸ்-சியில் எஃப்/11-இலிருந்து 16 வரை நான் தயங்காமல் போவேன், 2000 பிக்ஸலுக்குச் சுருக்கி இணையத்தில் போடும் படத்தில் அந்த மென்மை யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்கும் மேல் ஆழம் வேண்டுமென்றால் ஃபோகஸ் ஸ்டேக்கிங் இருக்கிறது: எஃப்/8 வைத்து, ஃபோகஸை மட்டும் முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பத்துப் பதினைந்து படம் எடுத்து ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பது. சில கேமராக்கள் இந்த நகர்த்தலைத் தானாகவே செய்கின்றன. லென்ஸின் எஃப் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கேமராவில் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ட்ரைபாடில் மிச்சம் பிடிப்பது

எஃப்/16, ஐஎஸ்ஓ (சென்ஸாரின் ஒளி உணர்திறன்) 100, அறை வெளிச்சம் என்றால் ஷட்டர் ஒரு நொடி, இரண்டு நொடி என்று திறந்தே கிடக்கும். ஓணான் கழுத்து மாதிரி ஆடும் ட்ரைபாடில் அது நடக்காது. நடுத்தண்டை உயர்த்தாமலே வேண்டிய உயரம் கிடைக்கிற, கனமான ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். ரிமோட் வாங்க வேண்டாம், கேமராவிலேயே இருக்கும் இரண்டு நொடி டைமர் போதும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் ட்ரைபாடில் வைத்ததும் அணைத்துவிடுங்கள், சில லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடிப்பிடித்துத் தானே ஆடும்.

எனக்கு ஒரு மாதமாகப் படம் லேசாகக் கலங்கியே வந்தது. லென்ஸைத் திட்டினேன், ட்ரைபாடைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் மாடல் இருந்த மேஜையிலேயே நான் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மெகாபிக்ஸல்

12 போதும்.

முதல் லென்ஸே மேக்ரோ

மேக்ரோ என்பது ரொம்பக் கிட்டப் போய் எடுக்கும் லென்ஸ். 1:1 மேக்ரோ என்றால் ஃபுல் ஃபிரேமில் 36-க்கு 24 மி.மீ. பரப்பு படம் முழுக்க வரும். 1:35 சிப்பாய் நின்றால் ஐந்து சென்டிமீட்டர், அவரே அதற்குள் முழுசாக அடங்கமாட்டார். முழு வண்டியை எடுக்க இந்தச் சக்தி தேவையே இல்லை. நல்ல லென்ஸ்தான், பின்னால் ஒருநாள் வாங்குங்கள். ஆனால் ஒட்டிய கோடு, கனோப்பி (விமானி அறையின் கண்ணாடி மூடி) மேல் பதிந்த உங்கள் கைரேகை, வார்னிஷில் மாட்டிய ஒரு ரோமம் என்று அது காட்டிக்கொடுப்பதைத் தாங்கும் மனசோடு வாங்குங்கள்.

ரிங் ஃபிளாஷ்

லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ஃபிளாஷ். வேண்டாம். பூச்சிகளைப் படம் பிடிப்பவர்களுக்கும் பல் டாக்டர்களுக்கும் விட்டுவிடுங்கள்.

திரும்பாத திரை

இதை யாரும் பேசுவதே இல்லை. நிஜ வண்டியை நாம் நின்றபடி கண் உயரத்திலிருந்து பார்க்கிறோம். கண் உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1:35-இல் அது நாலரை சென்டிமீட்டர், 1:72-இல் இரண்டே கால். லென்ஸின் நடுப்பகுதி அந்த உயரத்தில் இருந்தால்தான் டாங்கி மலை மாதிரி நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து எடுத்தால், பறவை பார்த்த டாங்கிதான் கிடைக்கும். தடிமனான கேமராவை மேஜையிலேயே வைத்தாலும் லென்ஸ் அவ்வளவு கீழே இறங்காது. அதனால் மாடலை மேஜையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, கேமராவை மேஜைக்கு வெளியே ட்ரைபாடில், விளிம்பின் மட்டத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். அப்போது திரை மேல்பக்கம் திரும்பாவிட்டால் தரையில் மண்டியிட்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். முப்பது வயதில் அது எனக்கு ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

வெளிச்சத்துக்கு மிஞ்சிய சில்லறை

கேமராவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு விளக்குக்கு வீட்டில் இருக்கும் டேபிள் லேம்பைத் திருப்பி வைப்பது. ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, இன்னொரு பக்கம் ஜன்னலின் நீல வெளிச்சம் என்றால் எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யாது. நாலு தடவை கலந்து பிடித்த ஆலிவ் பச்சை பாதி பழுப்பாகவும் பாதி சாம்பலாகவும் நிற்கும். சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்ற அளவு) 95-ஐ ஒட்டிய எல்இடி ஒன்று வாங்குங்கள், அறையின் மற்ற விளக்குகளை அணையுங்கள்.

ஒன்று என்று சொன்னது வேண்டுமென்றே சொன்னது. வானத்தில் ஒரு சூரியன்தான். டாங்கிக்குக் கீழே இரண்டு திசையில் இரண்டு நிழல் விழுந்தால், நீங்கள் எவ்வளவு துரு, சேறு, புழுதி பூசியிருந்தாலும் வீண். விளக்கை மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, அதற்கும் மாடலுக்கும் நடுவில் ஒரு ட்ரேசிங் பேப்பரைப் பிடித்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் வேலை முடிந்தது. எல்லாப் பக்கமும் வெளுத்துக் காட்டும் லைட் டென்ட்டை நான் இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் யாருக்கோ கொடுத்துவிட்டேன். பேனல் கோடும் ரிவெட்டும் நிழலில்தான் உயிர் வாழ்கின்றன, அந்தக் கூடாரம் நிழலையே கொன்றுவிடுகிறது.

வெள்ளைப் பின்னணி

படம் சாம்பலாக வந்தால் கேமரா பழுதில்லை. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளி இரண்டு மடங்கு), ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கேல்

சாதாரண 30 செ.மீ. ஸ்கேலை மேஜையில், லென்ஸிலிருந்து நேராக விலகிப் போகிற மாதிரி வையுங்கள். மாடலை எடுக்கும் அதே தூரம், அதே ஃபிரேமிங். நடுவில் உள்ள ஒரு எண்ணில் ஃபோகஸ் வைத்து, கையில் இருக்கும் போனிலோ இரவல் கேமராவிலோ எடுங்கள், கேமரா என்றால் ஒவ்வொரு எஃப் எண்ணுக்கும் ஒரு படம். கோடுகள் எங்கே தெளியத் தொடங்குகின்றன, எங்கே கலங்குகின்றன என்று பெரிதாக்கிப் பார்த்து எண்ணுங்கள். பிறகு அந்த நீளத்தை உங்கள் மாடலின் மேல் வைத்துப் பாருங்கள்.

தம்பி அன்றைக்கு ராத்திரியே ஸ்கேலை எடுத்து அனுப்பினார். போனில் ஐந்து சென்டிமீட்டர் கொஞ்சம் தாராளமாகவே தெளிவாக இருந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய எஃப்/1.4 லென்ஸில் எடுத்ததும் கூடவே வந்தது: 14 என்ற எண்ணும், அதன் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கோடும். இப்போது அவர் ட்ரைபாட் தேடிக்கொண்டிருக்கிறார்.