மொத கைத்துப்பாக்கி வாங்கறப்போ நம்ம கம்பம், போடி பக்கம் பண்ற தப்புங்க

நம்ம பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு இது ஒரு தனி ஆசை. வீடு இங்க கம்பத்துல, தோட்டம் மேல கேரளா இடுக்கியில. சனிக்கிழமையானா கூலிப் பணத்தப் பையில போட்டுக்கிட்டு ஜீப்ல மலை ஏறணும், ஒத்தையில போறப்ப கையில ஒண்ணு இருந்தா தேவலன்னு தோணும், எனக்கும் தோணுச்சு, வாங்கினேன்.

எல்லாரும் மொதல்ல துப்பாக்கியத்தான் பாக்கறாங்க. கான்பூர் அரசு ஆலை ரிவால்வரா, பிஸ்டலா, வெல என்னன்னு. லைசன்ஸ் வரவே இல்ல, கடையில அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தவங்களும் இருக்காங்க. நமக்குக் கெடைக்கப் போறது பெரும்பாலும் .32 (குழல் அளவு) தான், 9 எம்.எம். எல்லாம் தடை செஞ்ச ரகம், அத விடுங்க. பாக்க வேண்டியது லைசன்ஸ்ல இருக்கற ஒரே ஒரு வரி. எந்த எல்லைக்குள்ள செல்லும்னு போட்டிருக்கும் பாருங்க, அது.

என்னோடதுல தமிழ்நாடு மட்டும்னு இருந்துச்சு. வாங்கின புதுசு, பெருமையா பைக்குள்ள வச்சிக்கிட்டு கம்பம் மெட்டு ரோட்ல பாதி தூரம் ஏறிட்டேன், ஒரு கொண்டை ஊசி வளைவுல கியர் மாத்தறப்பதான் மண்டையில ஒறைக்குது, இன்னும் கொஞ்ச தூரத்துல செக்போஸ்ட், அதத் தாண்டுனா கேரளா, இந்தக் காகிதம் அங்க வெத்துக் காகிதம். அந்த எடத்துல ஜீப்ப திருப்புறது எவ்ளோ கஷ்டம்னு போனவங்களுக்குத் தெரியும். திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்து பூட்டி வச்சிட்டு மறுபடி ஏறினேன், கூலி குடுக்கறப்ப இருட்டிப் போச்சு, ஆளுங்க மூஞ்சியப் பாக்கவே முடியல. ஆக எந்த வேலைக்காக வாங்கினேனோ அதுக்கு அது வரவே இல்ல. பக்கத்து மாநிலமும் வேணும்னா விண்ணப்பத்துலயே காரணத்தோட கேக்கணும், தோட்டத்துப் பட்டா, ஏலக்காய் வித்த ரசீதெல்லாம் வச்சுக் கேக்கணும், கேட்டாலும் குடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. லைசன்ஸே நம்ம உரிமை கெடையாதுங்க, குடுக்கறதும் மறுக்கறதும் கலெக்டர் கையில. மறுத்தா மேல அப்பீல் போகலாம்.

விலாசத்துல ஒரு கோளாறு நடக்கும். ரேஷன் கார்டு கம்பத்துல இருக்கும், ஆள் முக்கால்வாசி நாள் தோட்டத்துப் பக்கம் நெடுங்கண்டத்துல இருப்பாரு. போலீஸ் விசாரிக்க வர்றப்ப வீடு பூட்டிக் கெடக்கும், அறிக்கை எப்படிப் போகும்? பழைய அடிதடி கேஸ் இருந்தா அதயும் மறைக்காதீங்க, எப்படியும் வந்துரும், மறைச்சதுதான் பெரிய குத்தமா நிக்கும்.

நம்ம ஏரியாவுக்குன்னே இன்னொண்ணு இருக்கு, பல பேருக்குத் தெரியாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துலேருந்து 10 கிலோமீட்டருக்குள்ள புதுசா ஆயுத லைசன்ஸ் குடுக்கணும்னா தலைமை வனஉயிரினக் காப்பாளரோட ஒப்புதல் மொதல்ல வேணும். தேக்கடி ஒரு பக்கம், மேகமலை ஒரு பக்கம்னு இருக்கற ஊருங்க நம்முளுது, ஃபைல் ஏன் நகரலன்னு கிளார்க்கத் திட்டறதுக்கு முன்னாடி இதப் பாருங்க. சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையறதே குத்தம், லைசன்ஸ் இருந்தாலும் சரி. அப்புறம் காட்டுப்பன்னிக்காகன்னு ரிவால்வர் கேக்கற ஆளுங்க இருக்காங்களே, அவங்களுக்கு என்ன சொல்றது, பன்னிக்கு அது ஆகாது, நம்ம இஷ்டத்துக்குச் சுடவும் முடியாது.

செகண்ட் ஹேண்டா தெரிஞ்சவர்கிட்ட வாங்கறதா இருந்தா பணம் மாறின அன்னிக்கே கை மாத்திடாதீங்க. விக்கறவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் கழியணும். தாத்தா துப்பாக்கி வீட்ல கெடக்குதுன்னா அதுவும் தானா உங்களோடது ஆயிடாது, உங்க பேர்ல லைசன்ஸ் வர்ற வரைக்கும் ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். ஆயுதச் சட்டத்துல வந்த 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், மூணு கெடையாது. அதே திருத்தத்துலதான் லைசன்ஸ் காலம் 5 வருஷம் ஆச்சு, அதனாலயே ரினீவல மறந்துடறாங்க.

எடுத்துட்டுப் போறப்ப உறையில இருக்கணும், வெளிய எடுத்துக் காட்டக் கூடாது. திருவிழா, ஊர்வலம், காலேஜ் வளாகம் பக்கம் கொண்டே போகாதீங்க. கல்யாணத்துல வானத்தப் பாத்து சுடற வேலைக்கு 2 வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல லட்ச ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அதவிட நெறைய பேர் மாட்றது மதுரை ஏர்போர்ட் மாதிரி எடத்துல, துப்பாக்கிய வீட்ல வச்சிட்டுப் போயிருப்பாங்க, பையோட சைடு ஜிப்ல ஒரு தோட்டா மட்டும் கெடக்கும், ஸ்கேனர்ல தெரிஞ்சிரும். துப்பாக்கி வச்ச பைய வேற எதுக்கும் எடுக்காதீங்க.

தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. ரசீது வாங்கினதும் துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை ரெண்டையும் அங்கயே நின்னு படிச்சுப் பாருங்க. எனக்கு ஒரு தடவ 3 வர வேண்டிய எடத்துல 8 எழுதிட்டாங்க, திருப்பி வாங்கப் போனா இது உங்களோடது இல்லன்னுட்டாங்க, அந்த ஒரு எழுத்துக்கு நாலு நடை.