மத்தி வாலையும் நைட்டியா வாலையும் ஒப்பிடுவது எப்படி?

மத்தி போன்ற மீன்களின் வால் வெளியே பார்க்க மேலும் கீழும் சமமாகத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. முதுகெலும்புத் தண்டு கடைசியில் மேல்நோக்கி வளைகிறது. அதன் அடிப்பக்கத்தில் முளைத்த எலும்புகள்தான் வாலின் இரண்டு மடல்களையும் தாங்குகின்றன. சுறாவிலும் ஸ்டர்ஜன் என்ற மீனிலும் தண்டு மேல் மடலுக்குள் நீண்டு ஓடுவது பளிச்சென்று தெரியும். மத்தியிலோ அது குறுகி மறைந்துகிடக்கிறது.

ஒப்பிடுவதற்கு நைட்டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வயோமிங்கில், கிரீன் ரிவர் பாறைகளில் ஏராளமாகக் கிடைக்கும் சுமார் 5 கோடி ஆண்டு பழைய ஏரி மீன் இது. மத்தியின் நெருங்கிய உறவு. 1987 முதல் அந்த மாநிலத்தின் அடையாளப் புதைபடிவமும் இதுதான். புதைபடிவக் கல்லே வேண்டும் என்பதில்லை, வால் தெளிவாகத் தெரியும் பெரிய படம் போதும்.

படி 1: மத்தி வாலைச் சுத்தம் செய்தல்

கடைசி ஐந்தாறு முள்ளெலும்புகளோடு வாலை வெட்டுங்கள். கொதிநீரை மேலே ஊற்றி, சதை வெளுத்ததும் எடுத்துவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் எலும்புகள் கழன்று போகும். மென்மையான பல்துலக்கியால் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக மட்டும் தேயுங்கள்.

படி 2: எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது?

இங்கே நிதானம் வேண்டும். வால் மடல்களைத் தாங்கும் தட்டையான எலும்புகளுக்கு ஹைப்யூரல் என்று பெயர். அவற்றுக்குச் சற்று முன்னால், ஏறக்குறைய அதே தோற்றத்தில் பார்ஹைப்யூரல் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஒரு எலும்பு தள்ளி எண்ணினால் ஒப்பீடு முழுவதும் பிசகிவிடும்.

வால்பகுதி முள்ளெலும்புகளின் அடியில் ஒரு வளைவு உண்டு. வால் தமனியும் சிரையும் அதற்குள் ஓடுகின்றன. இந்த வளைவுள்ள கடைசி எலும்புதான் பார்ஹைப்யூரல்; அதைத் தாண்டியதும் தமனி இரண்டாகப் பிரிகிறது. ஆகவே வாலை முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, ஒரு தலைமுடியை வளைவுகளுக்குள் செலுத்துங்கள். ஊசி வேண்டாம், எலும்பை உடைத்துவிடும். முடி கடைசியாக எந்த எலும்பின் வளைவுக்குள் நுழைகிறதோ, அதற்கு அடுத்தது 1-ஆம் ஹைப்யூரல்.

மத்தி இனத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. 1-ஆம் ஹைப்யூரலின் அடி முள்ளெலும்போடு ஒட்டாமல் தனித்து நிற்கும். 2-ஆவதன் அடி முள்ளெலும்போடு ஒன்றாக இணைந்திருக்கும். 2-க்கும் 3-க்கும் நடுவே ஒரு இடைவெளி. அதற்குக் கீழே கீழ்மடல், மேலே மேல்மடல்.

படி 3: வரைதல்

கணினியில் வரைவதைவிடப் பென்சிலும் தாளும் மேல் என்பேன். கை வரையும்போதுதான் கண் ஒவ்வொரு விளிம்பையும் உண்மையில் பார்க்கிறது. பத்து மடங்கு கைலென்ஸ், பக்கவாட்டில் தாழ வைத்த ஒரு விளக்கு, இவை போதும். மலிவான யுஎஸ்பி நுண்ணோக்கிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 4: கல்லோடு ஒப்பிடுதல்

நைட்டியாவிலும் அதே இரண்டைத் தேடுங்கள்: தனித்து நிற்கும் 1, இணைந்த 2. இந்தச் சேர்க்கைதான் உறவுக்குச் சான்று. எலும்புகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது. ஜுராசிக் காலத்து மீனான லெப்டோலெபிஸில் ஹைப்யூரல்கள் அதிகம்; இன்றைய சூரையில் அவை இணைந்து ஒரே விசிறித் தகடாகிவிட்டன. ஆனால் இப்படிக் குறைவதும் இணைவதும் பல மீன் வம்சங்களில் தனித்தனியே நடந்திருக்கின்றன.

பின்சேர்க்கை: கல்லில் ஹைப்யூரல்களின் பின்விளிம்பு தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். துடுப்புக் கதிர்களின் அடிப்பகுதி இரண்டாகப் பிளந்து அந்த விளிம்பை இருபுறமும் கவ்விப் பிடிப்பதால் அது மறைந்துவிடுகிறது. பின்விளிம்பை விட்டுவிட்டு, எலும்பின் முன்முனையிலிருந்து எண்ணுங்கள். விலைக்கு வாங்கிய கல் என்றால், வாலில் வண்ணம் பூசிச் சரிசெய்திருக்கிறார்களா என்பதையும் லென்ஸில் பாருங்கள். பூச்சு எலும்பின் எல்லையில் நிற்காமல் கல்லின் மேலும் படர்ந்திருக்கும்.